கூரையைப் பார்த்து நடப்பவர்

நெதெல்கா அக்கா சுண்ணாம்பு வாளிக்குள் காலை விட்டுவிட்டார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாளியும் காலுமாக நாலு எட்டு நடந்து, ஆலையின் நடுவில் நின்று, "பென்ச்சோ, அந்த மூணாவது உத்தரம் கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கு, பாத்தியா?" என்று கேட்டார். நான் உத்தரத்தைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரில் ஒருவராவது தரையைப் பார்க்க வேண்டும் அல்லவா? வேன் ஓட்டுவது, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது, அக்கா எதிலும் விழாமல் பார்த்துக்கொள்வது, இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. மூன்றாவது வேலையில் நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை.

கப்ரோவோ என்கிற ஊரில் கிரேன் செய்கிற கம்பெனி எங்களுடையது. தெருவில் நிற்கிற நெட்டைக் கிரேன் இல்லை. தொழிற்கூடங்களுக்குள்ளே, தலைக்குமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிக்கொண்டு, கொக்கியை இறக்கிச் சாமானைத் தூக்குமே, அது. இதில் எத்தனையோ வகை இருக்கிறது. தூண் நட்டு அதன்மேல் ஓட விடுவது ஒன்று. தூணே இல்லாமல் கூரை உத்தரத்திலிருந்தே தொங்க விடுவது இன்னொன்று. எந்தக் கட்டடத்துக்கு எது, எத்தனை டன், கொக்கி எவ்வளவு உயரம் போகவேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சொல்வதுதான் இன்ஜினியர் நெதெல்கா அக்காவின் வேலை. ஆள் குள்ளம். என் தோளுக்கு வருவார். பிறந்ததிலிருந்தே எல்லாரையும் அண்ணாந்து பார்த்துப் பழகியதால் வந்த பழக்கம் இது என்று கம்பெனியில் சொல்கிறார்கள். அவர் காதில் விழுந்தால் சொன்னவன் தொலைந்தான்.

மனிதர்களின் முகம் அக்காவுக்கு நினைவில் நிற்காது. கூரைதான் நிற்கும். "யாரு, அந்த இரும்புக் கைமரம் போட்ட, வடக்கு மூலையில ஒழுகுமே, அவரா?" என்பார். வங்கி மேனேஜரை அவர் அடையாளம் சொன்ன விதம் இது. கழுத்து வலி என்று டாக்டரிடம் போனவர் கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே, "டாக்டர், உங்களுக்கு மேல் மாடியில குழாய் ஒழுகுது" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் அந்தக் கூரைப் பூச்சு டாக்டரின் மேசைமேல் விழுந்தது. கழுத்து வலி மட்டும் போகவில்லை. அக்காவின் கணவர் இன்னமும் ஒரு குறை சொல்வார்: "கல்யாணத்தன்னிக்கு இவ என் மூஞ்சியப் பாக்கவே இல்லீங்க. பதிவாளர் சம்மதமான்னு கேக்குறார், இவ மேல பாத்துக்கிட்டு, அந்தக் கொக்கி தாங்காதுங்கறா!" சரவிளக்கு மாட்டியிருந்த கொக்கியைச் சொல்லியிருக்கிறார். சம்மதத்தைப் பிறகு சொன்னாராம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். முதலாளி கான்ச்சேவுக்குச் சிரிப்பு வராத சமாசாரம் ஒன்று உண்டு. பெரிய கிரேன் கேட்டு வருகிறவர்களுக்கு அக்கா சின்ன கிரேனைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். அஞ்சு டன் கேட்டால் இரண்டு. இரண்டு கேட்டால் "உங்களுக்குக் கிரேனே வேண்டாம், ஒரு தள்ளுவண்டி வாங்கிக்குங்க." எங்கள் ஊர்க்காரர்கள் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். செலவைக் குறைக்கிறவளைத் தெய்வமாகப் பார்க்கிற ஊர் இது. மற்ற ஊர்க்காரர்களுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும்.

அவரிடம் ஒரு முறை இருக்கிறது. வாடிக்கையாளர் ஆயிரம் சொல்வார், அக்கா ஒன்றும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "பேச்செல்லாம் வேண்டாம். உங்ககிட்ட இருக்குறதுலயே எது கனமோ, அதைக் கொண்டாந்து என் முன்னால வையுங்க" என்பார். வைத்ததும் அதைப் பார்ப்பார். பிறகு மேலே பார்ப்பார். பார்த்துக்கொண்டே ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார். மிட்டாய் கரைவதற்குள் எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். உறையைத் தரையில் போடுவார் என்பதையும் நான் இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் பொறுக்குவது நான்.

இந்த இலையுதிர் காலத்தில் கான்ச்சேவ் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நானும் கதவோரம் நின்றிருந்தேன்.

"அக்கா, செவ்லியேவோ பக்கத்துல மின்யோன்னு ஒருத்தர். கோஸ் ஊறுகாய் போடுறார். பத்து டன் கேக்குறார். பத்து டன் குடுத்துட்டு வாங்க."

"ஊறுகாய்க்கா பத்து டன்?"

"அவர் கோஸ் தூக்குவாரோ கோயில் தூக்குவாரோ, நமக்கு என்ன? இந்தத் தடவையும் குறைச்சீங்கன்னா, வேலை முடிஞ்சு வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க உதிரிபாகக் கவுண்டர்ல உக்காரணும். சொல்லிட்டேன்."

அக்காவின் முகம் வெளிறிப்போனதை அன்றுதான் நான் பார்த்தேன். கவுண்டர் வேலை கேவலம் என்பதால் இல்லை. அந்த அறையில் பொய்க்கூரை போட்டிருக்கிறார்கள். வெள்ளை வெள்ளையாகச் சதுரப் பலகைகள், எட்டினால் தொட்டுவிடலாம். அதற்குமேல் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அக்கா அந்த அறைக்குள் போகவே மாட்டார். ஏதாவது வேண்டுமென்றால் வாசலில் நின்று கத்துவார். "அதுக்குள்ள எப்படிடா மனுஷன் இருப்பான்? மேல பாத்தா ஒண்ணும் தெரியல!" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது விளையாட்டுத் தொனி துளியும் இல்லை.

வேனில் போகும்போது அக்கா மடியைப் பார்த்துக்கொண்டே வந்தார். வழக்கமாகப் பாலத்துக்குப் பாலம் ஏதாவது சொல்வார்.

மின்யோ எங்களைக் கட்டித் தழுவி வரவேற்றார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கையில் ராக்கியா என்கிற பழச்சாராயக் குப்பி. "இன்ஜினியரம்மா, பத்து டன்! பதினஞ்சு இருந்தா அதுவும் சரி!" என்றார். அவருடைய கூடம் பழைய கூட்டுறவுப் பண்ணையின் டிராக்டர் கொட்டகை. உள்ளே கால் வைக்க இடமில்லை. கோஸ் பீப்பாய்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. புளித்த வாடை கண்ணைக் கரித்தது.

அக்கா அண்ணாந்து பார்த்தார். மெல்லிய இரும்புக் கைமரங்கள், பழசுதான், ஆனால் நேராக இருந்தன. கைமரங்களைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். கவுண்டர் அறை அவர் கண்ணில் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்து டன் என்று. கூரைக்குப் பொறுப்பு வாங்குகிறவருடையது என்று கான்ச்சேவ் ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுவார். எதையும் தூக்குவதற்கு முன்பே, கிரேனின் சொந்தக் கனத்துக்கே அந்தக் கைமரங்கள் படுத்துவிடும் என்பது எனக்கே தெரிந்தது.

அக்கா பெருமூச்சு விட்டார். "உங்ககிட்ட இருக்குறதுலயே எது கனமோ, அதைக் கொண்டாந்து வையுங்க" என்றார்.

கோஸ் வாங்கும்போது நிறுக்கிற பெரிய தராசு ஒன்று வாசலோரம் இருந்தது. மின்யோ நிறைந்த பீப்பாய் ஒன்றை உருட்டி வந்து அதில் ஏற்றினார். முள் லேசாக அசைந்தது. மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. இன்னொரு பீப்பாயை ஏற்றினார். பிறகு வீட்டுக்குள்ளிருந்து பழைய இரும்பு அடுப்பு வந்தது. பட்டறைக் கல் வந்தது. கெட்டுப்போன தண்ணீர் மோட்டார் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நாயையும் ஏற்றினார், அது இறங்கி ஓடிவிட்டது. கடைசியாகப் பெரிய பூசணிக்காய் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தானே ஏறி நின்றார். முள் ஒரு டன்னுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டா ஏறுமா?" என்று கேட்டார் மின்யோ.

"ஒரு டன்" என்றார் அக்கா. மிட்டாய் இன்னும் வாயில்தான் இருந்தது.

மின்யோ பூசணிக்காயோடு இறங்கினார். குரல் பாதியாகிவிட்டது. "அம்மா, உங்களுக்குப் புரியல. லாலோகிட்ட அஞ்சு டன் இருக்கு."

"லாலோ யாரு?"

"என் சகலை!"

இந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் நாட்டில் சகலை வாங்கிய பொருளைவிட ஒரு சுற்றுப் பெரிதாக வாங்காத ஆண்மகன் சாப்பாட்டு மேசையில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. ஒருவன் ஊஞ்சல் வாங்கினால் மற்றவன் இரண்டு ஊஞ்சல் வாங்குவான், வீட்டில் குழந்தை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். லாலோ கிணற்று உறை வார்க்கிறவர். சிமெண்ட் உறைக்கு அஞ்சு டன் நியாயம்தான். அதைத் தூணின்மேல் ஓட விட்டு, வருகிற போகிற உறவுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். மின்யோ போன விருந்தில் கெண்டைமீனைத் தின்றுகொண்டே, "நான் பத்து டன் வாங்குறேன்" என்று மாமியார் முன்னால் சொல்லிவிட்டார். சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? மீனையாவது துப்பலாம்.

"ஒரு டன்னு போய்ச் சொன்னா, அவன் செத்தாலும் விடமாட்டான்மா. என் கல்லறையில வந்து சொல்லுவான்."

"பத்து டன் மாட்டுனா கல்லறை சீக்கிரம் வந்துரும்" என்றார் அக்கா.

அப்போதுதான் மின்யோவின் மனைவி ஸ்தான்கா பீப்பாய்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார். முழங்கை வரை உப்புத் தண்ணீர். "நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். கூரை விழுந்தா யார் தலையில விழும்? லாலோ தலையிலயா விழும்? அவன் அவன் வீட்டுல உக்காந்து தின்னுக்கிட்டிருப்பான். இங்க நாள் முழுக்க நிக்குறது யாரு? நீயா?" என்று கணவரைக் கேட்டார். கணவர் பூசணிக்காயைத் தடவிக்கொண்டு நின்றார். ஸ்தான்கா அக்காவின் பக்கம் திரும்பினார். "ஒரு டன் போடுங்கம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

கையெழுத்து ஆகிவிட்டது. ஆனால் மின்யோ பீப்பாய்மேல் உட்கார்ந்து மீசையைக் கடித்துக்கொண்டிருந்த கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. அக்கா நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவரிடம் போனார்.

"உங்க சகலையோடது எப்படி நிக்குது?"

"தூண் மேல."

"அப்ப தரையில கால் ஊணிக்கிட்டு நிக்குது. உங்களுக்கு இங்க தூண் நட இடமில்ல, நான் கூரையிலதான் மாட்டப்போறேன். உங்களோடது தொங்கும்."

மின்யோ தலை தூக்கினார். "தொங்குமா?"

"தொங்கும்."

"அவனோடது தொங்காதா?"

"அது எங்க தொங்கும்? அது நிக்குற சாதி."

மின்யோ எழுந்து நின்று மேலே பார்த்தார். எங்களில் இப்போது இரண்டு பேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தொங்குறது!" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார். பிறகு ராக்கியாக் குப்பியைத் திறந்தார்.

அக்கா பொய் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். தூணுக்கு இடமில்லாத கூடத்துக்கு, கூரை தாங்குகிற அளவுக்குச் சின்னதாக ஒன்று தொங்குவதுதான் சரி. அந்தச் சரியான தேர்வை ஒரு சகலை கேட்க விரும்புகிற பாஷையில் சொன்னார், அவ்வளவுதான். மனிதர்களையே பார்க்க மாட்டார் என்று நான் இத்தனை நேரம் எழுதிக்கொண்டு வந்தது கொஞ்சம் தப்போ என்று அன்றைக்குத் தோன்றியது. திரும்பி வரும்போது கேட்டேன்: "அக்கா, அப்ப கவுண்டர்?"

"வண்டியப் பாத்து ஓட்டுடா" என்றார்.

கிரேன் மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரை அழைத்து ஆசீர்வாதம் செய்தார்கள். துளசிக் கொத்தைத் தண்ணீரில் தோய்த்துத் தெளித்தார். கிரேன் வரைக்கும் எட்டவில்லை. ஒரு தடவை எம்பிப் பார்த்தார், தண்ணீர் அவர் தாடியிலேயே விழுந்தது. கடைசியில் கொக்கியை இறக்கச் சொல்லி, அதற்கு மட்டும் தெளித்தார். மின்யோ பொத்தானை அழுத்தினார். ஊறுகாய்ப் பீப்பாய் ஒன்று மெதுவாக எழும்பி, மற்ற பீப்பாய்களின் தலைக்குமேல் ஆடாமல் அசையாமல் போனது. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டாதவர் ஒருவர்தான், லாலோ. அவர் சுவரோரமாக நடந்து, பீப்பாய்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, குனிந்து, நிமிர்ந்து, தூணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னத்தடா தேடுற, சகலை?" என்றார் மின்யோ. "தொங்குதுடா! மேல பாரு!"

லாலோ மேலே பார்த்தார். மாமியாரும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் லாலோ, உன்னுது ஏன் தொங்கல?"

அன்று விருந்தில் லாலோ பன்றிக்கறியைத் தொடவே இல்லை. எத்தனை டன் என்று அந்த விருந்தில் ஒருவரும் கேட்கவில்லை.

கான்ச்சேவ் கேட்டார். பில் போட உட்கார்ந்தபோதுதான், பத்து என்று எழுதவேண்டிய இடத்தில் ஒன்று இருப்பதைப் பார்த்தார். மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். "அக்கா, நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். அக்கா எங்கள் நாட்டு வழக்கப்படி தலையை இடவலமாக ஆட்டிச் சரி என்றார். மிட்டாய்ப் பையை எடுத்துக்கொண்டார். நாடாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, ஒரு கையில் காப்பியும் பையில் நாடாவுமாகக் கவுண்டருக்குப் போனேன். அக்காவைக் காணோம். மேசைமேல் ஒரு நாற்காலி. நாற்காலிமேல் இரண்டு காலணி. அதற்குமேல் பாவாடை, சட்டை, தோள். தோளுக்குமேல் ஆள் இல்லை. பொய்க்கூரையில் ஒரு பலகையை நகர்த்திவிட்டு, தலையை உள்ளே விட்டிருந்தார். தூசி பொலபொலவென்று மேசையில் கிடந்த பனீத்சாப் பலகாரத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. உதிரிபாகக் கவுண்டரில் மோட்டார்களைக் கையால் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்த இரண்டு ஊழியர்களும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கதவு திறந்தது. உள்ளே வந்தவர் லாலோ.

"இன்ஜினியரம்மா எங்க?"

நான் மேலே காட்டினேன். லாலோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு, காலணிகளைப் பார்த்துப் பணிவாகப் பேசினார்: "அம்மா, என்னோடதக் கழட்டிப் போட்டுடலாம். எனக்கும் தொங்குறதுதான் வேணும். பெரிசா, பத்து டன்ல."

பத்து டன் என்ற சொல் காதில் விழுந்ததும் கான்ச்சேவ் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். "குடுங்க அக்கா, குடுங்க!" என்றார், அவரும் காலணிகளைப் பார்த்து.

"என்ன தூக்கப் போறீங்க?" என்றது கூரைக்குள்ளிருந்து குரல். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது.

"கிணத்து உறைதாம்மா."

"கூரை என்ன?"

"தகரம்."

"தகரத்துல பத்து டன் தொங்காது, தகரம்தான் வந்து உங்க மேல தொங்கும். உங்ககிட்ட இருக்குறதே சரியான கிரேன். உறை ஏத்த வர்ற வண்டிய மட்டும் தூண்ல முட்டாம ஓட்டச் சொல்லுங்க. போயிட்டு வாங்க."

லாலோ தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கான்ச்சேவ் தலையில் கையை வைத்துக்கொண்டார். இதற்குமேல் இந்த அம்மாளை எங்கே அனுப்புவது என்று அவர் யோசிப்பது நன்றாகத் தெரிந்தது. உதிரிபாகக் கவுண்டருக்குக் கீழே எங்கள் கம்பெனியில் வேறு இடமே இல்லை.

"கான்ச்சேவ், நீங்க இருக்கீங்களா?" என்றது குரல். இத்தனை நாளாக நான் கேட்காத சந்தோஷம் அதில் இருந்தது. "இங்க மேல அருமையான உத்தரம் ஒண்ணு இருக்கு! யாரோ பலகை போட்டு மறைச்சு வெச்சிருக்காங்க, படுபாவிங்க! அரை டன் தாராளமா தொங்கும். இந்தப் பசங்க மோட்டாரைக் கையால தூக்கிச் சாகுறாங்களே, ஒண்ணு மாட்டிரலாம்!"

கான்ச்சேவ் வாயைத் திறந்தார். அதற்குள் இன்னொரு பலகை நகர்ந்தது. அந்தப் புது ஓட்டை வழியாக, தூசி படிந்த ஒரு கை கீழே இறங்கி வந்தது. விரல்கள் ஒருமுறை மூடித் திறந்தன. நான் காப்பியை லாலோவிடம் கொடுத்துவிட்டு, நாடாவின் முனையை அந்தக் கையில் வைத்தேன்.